கேள்வி நேரம்: பத்திரிகை கைவிட்ட கணினிகள்

பழைய வீட்டுக் கணினிக்கான பத்திரிகைக் கட்டு ஒன்றை என்ன செய்யலாம் என்று சென்ற மாதம் மாட்டுங்கா வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். அதைத் தொடர்ந்து மும்பையிலிருந்தும் தாணே, நவி மும்பை பக்கங்களிலிருந்தும் வந்த கடிதங்கள் ஏறக்குறைய அனைத்தும் அதே பொருளைப் பற்றியவை. கருவி இருக்கிறது, அதற்கென்று மாதந்தோறும் வந்த பத்திரிகை நின்றுவிட்டது, இனி யாரைக் கேட்பது என்பதே அவற்றின் சாரம். ஆகவே இம்மாதப் பகுதி முழுவதும் அந்தக் கேள்விகளுக்கே ஒதுக்கப்படுகிறது. கைபேசி, மடிக்கணினி பற்றிய கேள்விகளை அனுப்பியவர்கள் அடுத்த இதழ்வரை பொறுத்தருள வேண்டும்.

கேள்வி: என் தந்தையார் 1987இல் இந்தியாவில் விற்கப்பட்ட டிபி ஸ்பெக்ட்ரம் பிளஸ் கணினியை வாங்கினார். ஃபோர்ட் பகுதி நடைபாதைக் கடைகளில் கிடைத்த பிரிட்டிஷ் பத்திரிகைகளை, நாள்பட்டதானாலும் பரவாயில்லை என்று வாங்கிச் சேர்த்தார். கட்டில் 1993க்குப் பிறகு ஓர் இதழும் இல்லை. கருவி இன்றும் ஓடுகிறது. ஓடுகிற கருவிக்கான பத்திரிகைகள் ஏன் ஒரே மூச்சில் நின்றுபோயின? (மாட்டுங்கா வாசகர்)

பதில்: உங்கள் தந்தையாரின் கட்டு 1993இல் முடிவதற்கு நடைபாதைக் கடைக்காரர் காரணமல்லர். அதற்குப் பிறகு வாங்குவதற்கு இதழே இல்லை. சின்க்ளேர் நிறுவனம் உருவாக்கிய ஸ்பெக்ட்ரம் கணினிக்கென்று பிரிட்டனில் முக்கியமாக மூன்று மாத இதழ்கள் இருந்தன. 1982இல் தொடங்கிய ‘சின்க்ளேர் யூசர்’, 1984இல் லட்லோ என்ற சிற்றூரிலிருந்து வெளிவரத் தொடங்கிய ‘கிராஷ்’, அதே ஆண்டில் ‘யுவர் ஸ்பெக்ட்ரம்’ என்று தோன்றி 1986இல் பெயர் மாறிய ‘யுவர் சின்க்ளேர்’ ஆகியவை அவை. ‘கிராஷ்’ இதழை நடத்திய நியூஸ்ஃபீல்ட் நிறுவனம் 1991இல் நொடித்தது. வேறொரு நிறுவனம் எடுத்து நடத்தியும் 1992 ஏப்ரலோடு அது நின்றது, பெயர் மட்டும் ‘சின்க்ளேர் யூசர்’ இதழோடு சேர்க்கப்பட்டது. சரியாக ஓராண்டு கழித்து, 1993 ஏப்ரலில், ‘சின்க்ளேர் யூசர்’ நின்றது. அதே ஆண்டு செப்டம்பரில் தன் 93ஆம் இதழோடு ‘யுவர் சின்க்ளேர்’ விடைபெற்றது. பதினெட்டு மாதத்துக்குள் மூன்றும் போய்விட்டன.

கருவி பழசாகிவிட்டதால் வாசகர்கள் கைவிட்டார்கள், வாசகர்கள் கைவிட்டதால் பத்திரிகை நின்றது என்று பொதுவாகச் சொல்வார்கள். நடந்த வரிசை அதுவல்ல. இத்தகைய பத்திரிகையில் வாசகர் குடியிருப்பவர், விளம்பரதாரரே வாடகை கட்டுபவர். ஸ்பெக்ட்ரம் விளையாட்டுகளைப் பதிந்த கேசட் நாடாக்களைத் தயாரித்த நிறுவனங்கள்தாம் பக்கம் பக்கமாக விளம்பரம் கொடுத்தன. 1980களின் நடுவில் இரண்டு பவுனுக்கும் குறைந்த விலையில் மலிவு நாடாக்கள் சந்தையை நிறைத்ததும், ஒரு நாடாவில் கிடைக்கும் ஆதாயம் சுருங்கியது. ஆதாயம் குறைந்த சரக்குக்குக் கடைக்காரர் அலமாரியில் இடம் தரமாட்டார், அலமாரியில் இல்லாத சரக்குக்குத் தயாரிப்பாளர் விளம்பரம் தரமாட்டார். இதற்குள் அமிகா, அட்டாரி எஸ்டி போன்ற அடுத்த தலைமுறை 16 பிட் கணினிகளும், தொலைக்காட்சியில் செருகி விளையாடும் கருவிகளும் அந்த விளம்பரப் பணத்தைத் தங்கள் பக்கம் இழுத்துக்கொண்டன.

விற்பனையைத் தக்கவைக்க, 1990ஐ ஒட்டிப் பத்திரிகைகள் அட்டையில் இலவச நாடாவை ஒட்டித் தரத் தொடங்கின. முதலில் மாதிரிகள், பிறகு முழு விளையாட்டுகளே வந்தன. உங்கள் கட்டில் கடைசி இரண்டு மூன்று ஆண்டு இதழ்களின் அட்டையைப் பாருங்கள், நாடா ஒட்டியிருந்த இடத்தில் பசை பழுப்பேறிக் கிடக்கும். அந்தப் பசைத் தழும்பைத்தான் நோயின் அறிகுறி என்பேன். இலவசமாக முழு விளையாட்டுக் கிடைக்கும்போது மலிவு நாடாவை யார் வாங்குவார்? மிச்சமிருந்த விளம்பரதாரரின் வயிற்றிலும் பத்திரிகையே அடித்தது. இந்தக் கட்டத்தில் இதழ் மெலிவதையும் உங்கள் கட்டிலேயே அளந்து பார்க்கலாம். 1985, 1992 ஆகிய ஆண்டுகளின் டிசம்பர் இதழ்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து முதுகுத் தடிமனைப் பாருங்கள்.

உங்கள் கருவியைப் பற்றியும் ஒரு சொல். டெசிபெல்ஸ் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1986இல் உரிமம் பெற்று வெளியிட்ட ஸ்பெக்ட்ரம் பிளஸ் அது. சில ஆயிரம் விற்று, 1990 வாக்கில் இங்கே சந்தை ஓய்ந்தது. பிரிட்டனிலோ சின்க்ளேர் தன் கணினித் தொழிலை 1986 ஏப்ரலிலேயே 50 லட்சம் பவுனுக்கு ஆம்ஸ்ட்ராட் என்ற போட்டி நிறுவனத்திடம் விற்றுவிட்டது. ஆக, உங்கள் தந்தையார் கருவி வாங்கும் முன்பே அதை உருவாக்கிய நிறுவனம் கைகழுவியிருந்தது. அவர் வாங்கிய பின்னும் ஆறு ஆண்டுகள் பத்திரிகைகள் தாங்கிப் பிடித்தன என்பதே பெரிது.

கேள்வி: என் அண்ணன் 1986இல் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த கமடோர் 64 எங்களிடம் இருக்கிறது. ‘ரன்’ பத்திரிகையின் கடைசி இதழில் அச்சாகியிருந்த ஒரு நிரலை ஒரு வாரம் உட்கார்ந்து அடித்தேன், ஓடவில்லை. முன்பெல்லாம் பிழை இருந்தால் அடுத்த இதழில் திருத்தம் போடுவார்கள். கடைசி இதழுக்கு அடுத்த இதழ் ஏது? (முலுண்ட் வாசகி)

பதில்: பத்திரிகை நின்றதால் வாசகர் இழந்தது என்ன என்பதை இந்தக் கடிதத்தைவிடத் தெளிவாக யாரும் சொல்லிவிட முடியாது. செய்தியையும் விமரிசனத்தையும் எங்கே வேண்டுமானாலும் படித்துக்கொள்ளலாம். சென்ற மாதம் அச்சானதைத் திருத்துகிற இந்த மாதம் என்ற ஒன்று இருந்ததே, அதைத்தான் ஈடு செய்ய இயலவில்லை. ‘ரன்’ 1984 ஜனவரியில் தொடங்கி 1992 நவம்பர்–டிசம்பர் இதழோடு நின்றது. அந்தக் கடைசி இதழின் அச்சுப் பிழைகளை இனி நீங்களே பிடிக்க வேண்டும். செய்ய முடியாத காரியமல்ல.

பிழை பெரும்பாலும் அச்சில் இராது, அடித்த கையில் இருக்கும் என்று எடுத்துக்கொண்டு தொடங்குங்கள். கமடோர் நிரல்களில் திரையைத் துடைப்பது, சுட்டியை நகர்த்துவது, நிறம் மாற்றுவது போன்ற விசைகளுக்கு உரிய குறிகளை அச்சில் காட்ட இயலாது என்பதால், அவற்றைச் சுருள் அடைப்புக்குள் எழுத்தாகப் போட்டிருப்பார்கள். அந்த அடைப்பையும் எழுத்தையும் அப்படியே அடித்தவர்கள் அக்காலத்தில் ஆயிரம் பேர். அங்கே அழுத்த வேண்டியது அந்தப் பெயருள்ள விசையை மட்டுமே.

அடுத்தது ‘டேட்டா’ வரிகள். இயந்திர மொழிக் குறிகளை 0 முதல் 255 வரையிலான எண்களாகக் கொடுத்திருப்பார்கள், ‘ரீட்’ கட்டளை ஒவ்வொன்றாக எடுத்து ‘போக்’ கட்டளை நினைவகத்தில் வைக்கும். திரையில் ‘இல்லீகல் குவான்டிட்டி’ என்று வந்தால் எங்கோ ஓர் எண் 255ஐத் தாண்டியிருக்கிறது, அநேகமாக இரண்டு எண்களுக்கு நடுவே காற்புள்ளி விழவில்லை. ‘அவுட் ஆஃப் டேட்டா’ என்று வந்தால் எண் குறைகிறது. ஒன்றை விட்டிருப்பீர்கள், அல்லது மங்கிய அச்சில் காற்புள்ளியை முற்றுப்புள்ளியாகப் படித்திருப்பீர்கள். 12க்கும் 34க்கும் நடுவே புள்ளி வைத்தால் கணினி அதை ஒரே தசம எண்ணாக எடுத்துக்கொண்டு எந்த முறையீடும் இல்லாமல் நகர்ந்துவிடும், கடைசியில்தான் கணக்கு இடிக்கும். எந்தச் செய்தியும் வராமல் கணினி உறைந்து நின்றால் எண்ணிக்கை சரி, எண்களில் ஒன்று தவறு. அதனால்தான் ஓட்டுவதற்கு முன்பு சேமித்துவிடுங்கள் என்று ஒவ்வொரு நிரலின் தலைப்பிலும் எச்சரித்தார்கள்.

அந்தத் தவறான எண்ணைக் கண்டுபிடிக்கப் பத்திரிகைகளே ஒரு வழி வைத்திருந்தன. கமடோர் கணினிகளுக்கான இன்னோர் இதழான ‘காம்ப்யூட்ஸ் கெஜட்’ 1983 அக்டோபரில் ‘ஆட்டோமேட்டிக் புரூஃப்ரீடர்’ என்ற சிறு நிரலை வெளியிட்டது. நீங்கள் ஒரு வரியை அடித்து முடித்ததும் அது ஒரு சோதனை எண்ணைத் திரையில் காட்டும், இதழில் அந்த வரிக்கு அச்சான எண்ணோடு அது பொருந்த வேண்டும். ‘ரன்’ இதழுக்கும் அத்தகைய சோதனை நிரல் இருந்தது. உங்கள் கட்டில் ஏதேனும் பழைய இதழில் அது கிடக்கும், முதலில் அதை அடித்து ஏற்றிவிட்டு வரிகளைச் சரிபாருங்கள். எண்களை வெறுமே கூட்டிப் பார்க்கும் சோதனைக்கு ஒரு கண் குருடு என்பதை மட்டும் மறக்க வேண்டாம். 169, 196 என்ற இரண்டையும் இடம் மாற்றி அடித்தால் கூட்டுத்தொகை மாறாது. ஒவ்வொரு எண்ணையும் அது நிற்கும் இடத்தின் வரிசை எண்ணால் பெருக்கிக் கூட்டினால் இடமாற்றமும் அகப்பட்டுவிடும்.

வரி வரியாகச் சரிபார்த்தும் ஓடவில்லை என்றால்தான் அச்சைச் சந்தேகிக்க வேண்டும். அப்போது ‘காம்ப்யூட்ஸ் கெஜட்’ பக்கம் திரும்பலாம். அது 1990இல் தனியிதழாக நின்ற பின்னும் ‘காம்ப்யூட்’ என்ற தாய் இதழுக்குள் ஒரு பகுதியாகவும், பிறகு வட்டில் மட்டும் வெளிவருவதாகவும் 1995 வரை மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. ஒரு பத்திரிகையை இழந்த வாசகர்கள் இன்னொன்றின் கடிதப் பகுதிக்குக் குடிபெயர்வது வழக்கம் என்பதால், அங்கே தேடுவதில் பலன் இருக்கலாம்.

நிரலைவிட அவசரமானது ஒன்று உண்டு. அமெரிக்கக் கருவி என்பதால் 110 வோல்ட் மாற்றியில் ஓட்டுகிறீர்கள் என்று நினைக்கிறேன். கமடோருடன் வந்த கறுப்புச் செங்கல் போன்ற மின்பெட்டி முதுமையில் 5 வோல்ட்டுக்கு மேல் தரத் தொடங்கும், நினைவகச் சில்லுகள் அதைத் தாங்கா. அந்தப் பெட்டியை மீட்டரால் அளந்து பார்க்காமல் கருவியை மறுபடி இயக்காதீர்கள்.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியர். 1980களில் எங்கள் பள்ளிக்கு அரசுத் திட்டத்தில் பிபிசி மைக்ரோ கணினிகள் வந்தன. பயிற்சி கொடுத்தார்கள், பிறகு யாரும் எட்டிப் பார்க்கவில்லை. நம் நாட்டுக் கணினிப் பத்திரிகைகளாவது உதவியிருக்கலாமே? அவற்றில் ஒரு கணினி இப்போது என் வீட்டில் இருக்கிறது. (வாஷி வாசகர்)

பதில்: நீங்கள் சொல்வது பள்ளிகளில் கணினிக் கல்விக்காக 1984–85இல் தொடங்கிய ‘கிளாஸ்’ திட்டம். முதற்கட்டமாக ஏறத்தாழ 250 பள்ளிகளுக்கு பிபிசி மைக்ரோ வந்தது. மொகாலியிலிருந்த அரசு நிறுவனமான செமிகண்டக்டர் காம்ப்ளெக்ஸ் அவற்றை இங்கே ‘யூனிகார்ன்’ என்ற பெயரில் தயாரிக்கவும் செய்தது.

பத்திரிகைகளைப் பற்றி நியாயமாகப் பேச வேண்டுமானால், நம்முடையவை அந்தக் கருவிகளைக் கைவிடவில்லை, கையிலேயே எடுக்கவில்லை. 1982இல் தொடங்கிய ‘டேட்டாகுவெஸ்ட்’ கணினித் தொழிலுக்கான இதழ். 1987இல் வந்த ‘பிசி குவெஸ்ட்’ பெயரிலேயே சொல்லிவிட்டது, ஐபிஎம் வகைக் கணினியை அலுவலக மேசையில் வைத்திருப்பவரே அதன் வாசகர். ‘எலெக்ட்ரானிக்ஸ் ஃபார் யூ’ 1969 முதல் வெளிவருகிறது, ஆனால் அது சுற்றுகளைச் செய்து பார்ப்பவருக்கானது. சில பள்ளிகளிலும் சில வீடுகளிலும் மட்டும் இருந்த ஒரு கருவிக்குத் தனி இதழ் நடத்தி யாரும் கணக்கைச் சரிக்கட்டியிருக்க முடியாது. ஆனால் கருவிக்குப் பணம் ஒதுக்கிய திட்டம், ஆசிரியர்கள் ஒருவருக்கொருவர் எழுதிக்கொள்ள எட்டுப் பக்கச் சுற்றறிக்கை ஒன்றுக்கும் தொடர்ந்து ஒதுக்கியிருந்தால், உங்களைப் போன்றவர்கள் தனித்தனியே முட்டிக்கொண்டு நின்றிருக்க வேண்டியதில்லை. இது என் கருத்து.

பிரிட்டனில் இதே கருவிக்கு ‘பீபக்’ என்றொரு இதழ் இருந்தது. கடையில் விற்காமல் உறுப்பினர் சந்தாவில் மட்டும் ஆண்டுக்குப் பத்து இதழாக 1982 முதல் 1994 வரை வந்தது. குறிப்புகள், சிறு நிரல்கள், உறுப்பினர் கேள்விகள், அவ்வளவுதான். பளபளப்பு இல்லை, ஆனால் பள்ளிக்குத் தேவையானது அதில்தான் இருந்தது. வருடியெடுத்த (ஸ்கேன் செய்த) பிரதிகள் இன்று இணையத்தில் கிடைக்கின்றன, நேரம் கிடைக்கும்போது முதல் மூன்று ஆண்டு இதழ்களைப் பாருங்கள்.

வீட்டிலுள்ள கணினியை மின்சாரத்தில் செருகும் முன் மின்பெட்டியைத் திறந்து, மின்னிணைப்பு நுழையும் இடத்தில் மஞ்சள் பாரித்த கண்ணாடி போன்ற உறையுள்ள மின்தேக்கிகள் உள்ளனவா என்று பாருங்கள். உறையில் மயிரிழை விரிசல்கள் ஓடியிருந்தால் அவை நம் கடற்கரை ஈரத்தை ஆண்டுக்கணக்கில் குடித்திருக்கும். செருகிய சில நிமிடங்களில் வெடித்து, வீடு முழுவதும் நாறும் புகையைக் கிளப்பும். கணினிக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது, ஆனால் குடியிருப்புச் சங்கம் கூடிவிடும். அதே மதிப்புள்ள ‘எக்ஸ்2’ தர மின்தேக்கி, மும்பையின் மின்னணுக் கடைத்தெருவான லேமிங்டன் ரோட்டில் சில ரூபாய்க்குக் கிடைக்கிறது, விவரம் தெரிந்தவரைக் கொண்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

கேள்வி: கருவியைவிட நீண்ட நாள் வாழ்ந்த பத்திரிகை உண்டா? (டோம்பிவிலி வாசகர்)

பதில்: உண்டு. கருவி செத்த பிறகு பிறந்த பத்திரிகையே உண்டு. டெக்சஸ் இன்ஸ்ட்ரூமென்ட்ஸ் நிறுவனம் தன் டிஐ-99/4ஏ கணினியை வைத்து கமடோருடன் விலைப்போரில் இறங்கி, பெரும் நட்டப்பட்டு, 1983 அக்டோபர் இறுதியில் வீட்டுக் கணினித் தொழிலிலிருந்தே விலகுவதாக அறிவித்தது. அடுத்த நான்காவது மாதம், 1984 பிப்ரவரியில், டெக்சஸ் மாநிலத்தின் ரவுண்ட் ராக் நகரிலிருந்து அந்தக் கணினிக்கென்றே ஒரு சிற்றிதழ் வரத் தொடங்கியது. பின்னர் ‘மைக்ரோபெண்டியம்’ என்று அறியப்பட்ட அது 1999 வரை வந்தது. கைவிடப்பட்ட கருவிக்குப் பதினைந்து ஆண்டுகள்! பெரிய அலுவலகமோ பெரிய விளம்பரமோ இல்லாதது அதற்குக் குறையாக அமையவில்லை, அதுவே அதன் ஆயுள் ரகசியம். விலகிப்போக விளம்பரதாரர் இல்லாத இடத்தில், சந்தாதாரர் இருக்கும்வரை இதழ் இருக்கும்.

டாண்டி கலர் கம்ப்யூட்டருக்கான ‘ரெயின்போ’ இதற்கு இடைப்பட்ட கதை. 1981இல் சில பக்கங்கள் கொண்ட தாளாகத் தொடங்கி, தடித்த பளபளப்பு இதழாக வளர்ந்து, கருவியின் விற்பனை ஓய்ந்ததும் செய்தித்தாள் போன்ற மெல்லிய தாளுக்குத் திரும்பி, 1993 மே மாதத்தோடு முடிந்தது. சுருங்கத் துணிந்ததால் கூடுதலாகச் சில காலம் கிடைத்தது.

நாடு மாறினால் கதையும் மாறும். பிரிட்டனில் ஸ்பெக்ட்ரம் இதழ்கள் மூடும் நிலையை நெருங்கிக்கொண்டிருந்த அதே 1991இல் ரஷ்யாவில் ‘இசட்எக்ஸ் ரெவ்யூ’ என்ற இதழ் தொடங்கியது. அங்கே உள்ளூரில் செய்த ஸ்பெக்ட்ரம் நகல்கள் அப்போதுதான் வீடுகளுக்குள் நுழைந்துகொண்டிருந்தன.

கேள்வி: மூன்று பெட்டி நிறையப் பத்திரிகைகள், நாடாக்கள். மழைக்காலம் வந்தால் பூஞ்சை, வெயில் வந்தால் வெள்ளிப் பூச்சி. இவையெல்லாம் இணையத்திலேயே இருக்கின்றன, ரத்திவாலாவிடம் (பழைய தாள் வாங்குபவரிடம்) போட்டுவிடு என்கிறான் மகன். போடலாமா? (செம்பூர் வாசகர்)

பதில்: உங்கள் மகன் சொல்வதில் பாதி சரி. ‘கிராஷ்’, ‘யுவர் சின்க்ளேர்’, ‘ரன்’ போன்ற பெரிய இதழ்கள் இன்டர்நெட் ஆர்க்கைவ் போன்ற இடங்களில் பக்கம் விடாமல் வருடப்பட்டிருக்கின்றன. அச்சான பக்கத்துக்காக மட்டும் மூன்று பெட்டியைச் சுமக்க வேண்டிய அவசியம் இல்லை.

மறுபாதிக்காகத்தான் பெட்டியை ஒருமுறை முழுக்கப் புரட்ட வேண்டும் என்கிறேன். பிரிட்டிஷ் இதழ் ஒரு பழுதுக்கு வழி சொல்லும்போது, இன்ன கடையில் இன்ன பாகத்தைத் தபாலில் வாங்குங்கள் என்று எழுதிவிடும். அந்தக் கடை இங்கே இல்லை, அந்நியச் செலாவணியும் இல்லை. ஆகவே மும்பைக்காரர் அந்தப் பக்கத்தின் ஓரத்தில், இந்த டிரான்சிஸ்டருக்குப் பதிலாக லேமிங்டன் ரோட்டில் இன்ன எண் கிடைத்தது, போட்டேன், ஓடுகிறது, விலை இவ்வளவு என்று பென்சிலால் குறித்து வைத்தார். என்னிடம் காட்டப்பட்ட ஓர் இதழில், பிரிட்டிஷ் தொலைக்காட்சிக்கான இணைப்பு விளக்கத்தின் மீது குறுக்குக்கோடு போட்டு, கணினி படம் அனுப்பும் யூஎச்எஃப் 36ஆம் அலைவரிசை தன் தொலைக்காட்சிப் பெட்டியில் கிடையாது என்பதையும், அதற்கு மாற்றாகச் செய்துகொண்ட இணைப்பையும் நுணுக்கி எழுதியிருந்தார் ஒருவர். இந்த ஓரக் குறிப்புகள்தாம் அந்தப் பத்திரிகைகளின் இந்தியப் பதிப்பு. அவை வேறெங்கும் அச்சாகவில்லை, யாரும் வருடவும் இல்லை.

அதேபோல, நண்பர்கள் சேர்ந்து சைக்ளோஸ்டைல் செய்து சுற்றுக்கு விட்ட தாள்கள், உள்ளூர் விற்பனையாளரின் விலைப்பட்டியல்கள், ஆசிரியருக்கு அனுப்பிய கடிதத்தின் கார்பன் பிரதி, இந்தியத் தயாரிப்புக் கருவியோடு வந்த கையேடு ஆகியவை இருந்தால் முதலில் அவற்றைப் பிரித்தெடுங்கள். கைபேசியில் படம் எடுத்தாலே போதும், பகல் வெளிச்சத்தில், நிழல் விழாமல், தாளின் நான்கு ஓரமும் தெரியும்படி எடுங்கள். பென்சில் எழுத்து மங்கியிருந்தால் பக்கவாட்டிலிருந்து விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் அழுத்தம் தெரியும்.

வைத்துக்கொள்ள முடிவு செய்த இதழ்களின் நடுப்பக்கக் கம்பிகளைக் கழற்றிவிடுங்கள். கடற்காற்றில் துருவேறி, கம்பியைச் சுற்றிக் காசளவு பழுப்புக்கறை படர்ந்து, அந்த இடத்தில் தாள் தொட்டாலே உதிரும். ஜூன் முதல் செப்டம்பர் வரை பெட்டியைத் திறக்க வேண்டாம். அக்டோபரில் மின்விசிறிக் காற்றில் ஒரு நாள் உலர்த்துங்கள், வெயில் ஆகாது. நாடாக்களில், சுருளின் விளிம்பில் வெள்ளைப் பொடி தெரிந்தால் அது பூஞ்சை. அதை அப்படியே கருவியில் போட்டால் தலைப்பகுதி கெடும், அடுத்துப் போடும் நல்ல நாடாவுக்கும் அது ஒட்டிக்கொள்ளும்.

மற்றவற்றை ரத்திவாலாவிடம் போடுவதற்கு முன், ஒரே இதழ் இரண்டு இருந்தால் நல்ல பிரதியை மட்டும் யாரேனும் சேகரிப்பவருக்குக் கொடுக்கலாம். எடைக்குப் போட்டால் கிடைப்பது ஒரு வேளைச் சிற்றுண்டிக்குக்கூடக் காணாது.

கேள்வி: லேமிங்டன் ரோட்டில் என் ஸ்பெக்ட்ரம் கணினியைக் காட்டினால் தலையை ஆட்டி அனுப்பிவிடுகிறார்கள். பழுது பார்க்கப் பத்திரிகையும் இல்லை, ஆளும் இல்லை. நானே முயலலாமா? (சயான் வாசகர்)

பதில்: பற்றவைப்பு இரும்பு பிடிக்கத் தெரியுமானால் முயலலாம். 1984இல் வெளியான சர்வீஸ் கையேடு வருடிய வடிவில் கிடைக்கிறது, பத்திரிகைக் குறிப்புகளைவிட அது தெளிவானது. மூன்றை மட்டும் இங்கே சொல்கிறேன்.

அந்தக் கணினிக்கு 9 வோல்ட் வேண்டும், ஆனால் செருகியின் நடுமுனை எதிர்மின். இன்று கடையில் கிடைக்கும் மின்மாற்றிகளில் பெரும்பாலானவற்றுக்கு நடுமுனை நேர்மின். மாற்றிச் செருகினால் அன்றோடு கதை முடிந்தது.

திரையில் வண்ணக் கட்டங்களும் கோடுகளுமாக வந்தால் உடனே நினைவகச் சில்லுகளை மாற்றாதீர்கள். கீழ் நினைவகத்திலுள்ள எட்டு 4116 சில்லுகளுக்கும் மூன்று வேறு மின்னழுத்தங்கள் தேவை. அவற்றை உண்டாக்கும் பகுதியில் உள்ள ஒரு சிறு டிரான்சிஸ்டர் போனால் எதிர்மின் 5 வோல்ட் மறைந்து, சில்லுகள் வெந்துவிடும். காரணத்தைச் சரிசெய்யாமல் புதுச் சில்லு போட்டால் அதுவும் வேகும். முதலில் அழுத்தங்களை அளக்க வேண்டும்.

சில விசைகள் வரிசையாக வேலை செய்யாவிட்டால், விசைப்பலகையின் மெல்லிய படலத்திலிருந்து பலகைக்கு வரும் இரண்டு நாடா வால்களைப் பாருங்கள். மூடியைத் தூக்கும் வேகத்திலேயே அவை ஒடியும் அளவுக்கு நொறுங்கிப் போயிருக்கும். மூடியை ஒரு பக்கமாக மெல்லச் சாய்த்து, வாலைச் செருகியோடு நேராகப் பிடித்து உருவ வேண்டும். ஒடிந்துவிட்டாலும் கவலை இல்லை, புதிய படலங்களை இப்போதும் வெளிநாட்டில் தயாரிக்கிறார்கள். ஃபெரான்டி நிறுவனம் இந்தக் கணினிக்கென்றே செய்துதந்த யூஎல்ஏ சில்லுக்குக்கூட ஆர்வலர்கள் மாற்றுச் செய்துவிட்டார்கள். பத்திரிகை நின்றபோது இவை எதுவும் கிடைக்கவில்லை, ஆகவே 1995இல் தூக்கி வைத்த கருவியை இன்று எடுப்பவருக்கு அன்றைவிட வசதி அதிகம்.

கேள்வி: நின்றுபோன பத்திரிகையின் பக்கங்களை நகலெடுத்து நண்பர்களுக்குக் கொடுத்தால் தவறா? ‘கிராஷ்’ திரும்ப வருவதாகச் சொல்கிறார்களே, உண்மையா? (தாணே வாசகர்)

பதில்: இதழ் நிற்பதால் காப்புரிமை நிற்பதில்லை. இந்தியச் சட்டப்படி அது பொதுவாக எழுதியவர் மறைந்த பின்னும் 60 ஆண்டுகள் நீடிக்கும், நிறுவனம் நொடித்தாலும் உரிமை யாரோ ஒருவரிடம் போய்ச் சேர்ந்திருக்கும். உங்கள் சொந்தப் படிப்புக்கும் ஆராய்ச்சிக்கும் நியாயமான அளவில் நகலெடுத்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது, கட்டாக அச்சிட்டு விற்க இடம் தரவில்லை.

‘கிராஷ்’ திரும்பி வந்தது உண்மை. பழைய பெயரில் ஆண்டு மலர்கள் வந்தன, பிறகு 2020இன் இறுதியிலிருந்து வாசகர்கள் முன்பணம் கட்டி நடக்கும் சிற்றிதழாக மீண்டும் வெளிவரத் தொடங்கியது. புதிதாக எழுதப்படும் ஸ்பெக்ட்ரம் விளையாட்டுகளை விமரிசிக்கிறது. சந்தா கட்டும் முன் இந்தியாவுக்கான தபால் செலவைக் கேட்டுக்கொள்ளுங்கள், மின்னிதழாக வாங்கினால் அந்தச் செலவு மிச்சம்.